மீனு மேல வந்துகீது

“மீனுங்க மேல வந்துகீது தம்பி” என்று அண்ணி போனில் சொன்னபோது நான் சிரித்தேன். விம்கோ நகரில் என் பட்டறையில் ஒரு கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு கையிலும் கிரீஸ். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பிஸ்டனைத் துடைத்தபடியே சிரித்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். கார்த்திகை மாதம். மூன்று நாளாக வானம் மூடிக் கிடந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. இப்போது எழுத உட்காரும்போது இவ்வளவும் நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு வானத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். ஒரு குளம் பிழைத்திருக்கும். அண்ணியின் பேரும் பிழைத்திருக்கும்.

ஏன் சிரித்தேன் என்று சொல்கிறேன். நாங்கள் நெட்டுக்குப்பத்துக்காரர்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் முகத்துவாரம். எங்கள் குப்பத்தில் ‘மீனு மேல வந்துகீது’ என்பதைவிட நல்ல செய்தி கிடையாது. கரையில் நிற்கிற எவனாவது ஒருவன் கண்ணில் அது படும். தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் கறுத்து, கொதிப்பதுபோலச் சிலிர்க்கும். கவலை மீனோ மத்தியோ கூட்டமாக மேலே ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அவன் கத்துவான். சோற்றில் கை வைத்தவன் கையைக்கூடக் கழுவாமல் வலையை இழுத்துக்கொண்டு ஓடுவான். சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு வீட்டுப் பெண்கள் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுக் கூடையோடு ஓடுவார்கள். அந்த வார்த்தையை அழுகிற குரலில் சொல்லி நான் கேட்டதே இல்லை. குளத்தில் அதற்கு அர்த்தம் வேறு. குளத்து மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் அதற்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நானே நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அண்ணியின் குரலில் அந்த வார்த்தை காதில் விழுந்தபோது, மனசில் நின்றது குளம் இல்லை, கடல்.

அண்ணி என்னைவிட ஒரு வயது சின்னவள். முறைக்கு அண்ணி. குட்டையாக, கறுப்பாக இருப்பாள். பேச ஆரம்பித்தால் எதிரில் நிற்பவன் சரி என்று சொல்கிறவரை விடமாட்டாள். அண்ணன் முதலில் கழிமுகத்தில்தான் வலை போட்டுக்கொண்டிருந்தான். அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து படிந்து படிந்து, ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடமெல்லாம் முழங்கால் அளவானது. சுடுதண்ணீர் வேறு வந்து கலந்தது. கேட்டால் ஒரு அலுவலகத்துக்காரன் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டினான். அண்ணன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, காசிமேட்டில் யாரோ ஒருவருடைய விசைப்படகுக்கு ஆளாகப் போய்விட்டான். போனால் பத்து நாள், பதினைந்து நாள். அண்ணி மற்றப் பெண்களோடு சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தாள். பிடித்த இறாலைப் போடுகிற பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குனிந்து அடியில் தேடுகிற வேலை. கரையேறியதும் எல்லாரும் காலைச் சொறிந்துகொண்டே வீட்டுக்கு வருவார்கள். எந்நேரமும் அவர்கள் காலில் புண் இருக்கும்.

அப்போதுதான் கழிமுகத்துக்கு வடக்கே, காட்டுப்பள்ளிப் பக்கம், யாரோ இறால் வளர்த்துவிட்டுக் கைவிட்டுப்போன ஒரு குளம் சும்மா கிடப்பது அவள் கண்ணில் பட்டது. அதைக் குத்தகைக்கு எடுத்துப் பால்மீன் விடலாம் என்றாள். இறால் தடவுகிற பெண்கள் ஆறு பேரை ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து பேசிப் பேசிச் சேர்த்தாள். குப்பமே சிரித்தது. கடலை வைத்துக்கொண்டு குட்டையில் மீன் பிடிக்கப் போகிறாளாம் என்றார்கள். அண்ணனும் சிரித்தான். “அண்டாத் தண்ணில வுட்டு வளத்து, இன்னும் சீக்கிரமா வளரும்” என்றான். அவள் கோபப்படவில்லை. ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள், “உங்கண்ணன் ஊட்டாண்ட இருக்கணும்பா. கடல்ல போற ஆள நென்சிகினு எத்தினி நாளுதான் கதவப் பாத்துகினு இருக்கறது.” குளம் நின்றால் அண்ணன் விசைப்படகை விட்டு வீட்டுக்கு வருவான். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்தக் குளத்துக்கு ஏரேட்டர் செய்து கொடுத்தது நான். திருவொற்றியூரில் பழைய இரும்புக் கடையில் ஒரு மோட்டாரும் கியர் பாக்ஸும் பொறுக்கினேன். மோட்டாருக்கு நானே காயில் சுற்றினேன். நீல பிளாஸ்டிக் டிரம்களை மிதவையாகக் கட்டி, தகடு வெட்டி இறக்கை வைத்தேன். அது சுற்றும்போது தண்ணீரை அள்ளி மேலே வீசும். வீசிய தண்ணீர் காற்றை வாங்கிக்கொண்டு கீழே விழும். பெண்கள் அதைச் சக்கரம் என்றார்கள். முதல் நாள் ஓடவிட்டபோது ஏழு பேரும் கரையில் நின்று தண்ணீர் தெறிக்கத் தெறிக்க நனைந்தார்கள். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இன்னாபா, குளத்துக்கே மூச்சு வுட ஒரு மிஷினு வெச்சிட்ட” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து நான் குளத்து மெக்கானிக் என்று என்னையே நினைத்துக்கொண்டேன்.

அந்தத் திமிரில் ஒரு காரியம் செய்தேன். தீனி விற்கிற கடையில் கொடுத்த தாளில், ஏரேட்டரை எப்போது ஓட்ட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஓர் அட்டவணை இருந்தது. பச்சையாக இருக்கிற குளத்துத் தண்ணீர் வெயிலில் தானே காற்றை உண்டாக்கிக்கொள்ளும், இருட்டில் அதுவே காற்றைக் குடித்துவிடும், அதனால் விடிகிறவரை ஓட்டு, வெயில் வந்ததும் நிறுத்து என்று அதில் போட்டிருந்தது. நான் அதை அப்படியே குளக்கரைக் கொட்டகைச் சுவரில் பெயின்டால் எழுதினேன். காலை ஏழு மணிக்கு நிறுத்தவும். பெரிய எழுத்து, கீழே ஒரு கோடு வேறு. அந்தத் தாளை எழுதியவன் எந்த ஊர்க்காரனோ. அவன் ஊரில் தினமும் ஏழு மணிக்கு வெயில் வருமோ என்னவோ. எண்ணூரில் சித்திரையில் தண்ணீர் கொதிக்கும். சூடான தண்ணீரில் காற்று தங்காது, கடல்காற்று கரையேறும்வரை குளம் செத்த மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் சூரியனே தெரியாது. பெருமழை பெய்தால் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரோடு கலக்காமல் மேலே தனியாகப் படுத்துக்கொள்ளும், அடியில் இருக்கிற மீனுக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். ஒவ்வொன்றுக்கும் சக்கரத்தை ஒவ்வொரு நேரம், ஒவ்வொரு இடத்தில் ஓட்ட வேண்டும். பழவேற்காட்டுக்கும் கிருஷ்ணகிரிக்கும் போய் வேலை செய்த பிறகு இதெல்லாம் இன்று எனக்கு மனப்பாடம். கிருஷ்ணகிரியில் மார்கழிக் குளிரில் மீன் தீனியைத் தொடவே இல்லை, அங்கே எங்கள் ஊர் நேரம் எதற்கும் உதவவில்லை. ஒரே அட்டவணையை ஊர் ஊராக விற்கிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் சுவரில் எழுதியது அவன் இல்லை, நான்.

அண்ணிக்கு அட்டவணை தேவைப்படவே இல்லை. காலையில் வந்ததும் ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்து பார்ப்பாள். நாக்கில் வைத்துத் துப்புவாள். சக்கரத்தைத் தூரத்து மூலைக்கு மாற்றிப் போடு, தென்றல் அடிக்கும்போது அழுக்கெல்லாம் அங்கேதான் ஒதுங்குகிறது, மீன் அந்தப் பக்கமே போவதில்லை என்று ஒருநாள் சொன்னாள். வயர் நீளம் போதாது, உனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். இரண்டு வாரம் விடாமல் சொன்னாள். தொல்லை தாங்காமல் மாற்றினேன். மூன்றே நாளில் அந்த மூலையில் மீன் திரிந்தது. அவள் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. கொண்டு வந்திருந்த கூழை எனக்கு ஒரு சொம்பு அதிகமாக ஊற்றினாள். மீன் உள்ளங்கை அகலம் தாண்டி, முழங்கை நீளத்துக்கு வந்துகொண்டிருந்தது. பொங்கலுக்கு முன்னால் பிடித்துவிடலாம் என்றிருந்தார்கள். தை பிறந்தால் விசைப்படகுக்குப் போவதில்லை என்று அண்ணனே வாய்விட்டுச் சொல்லியிருந்தான்.

அந்தக் காலையில் போனில் அவள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன். எத்தனையோ தடவை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

“மீனுங்க மேல வந்துகீது தம்பி. கொயந்தைங்க மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுது.”

“மீனு மேல வந்தா சிரிக்கணும் அண்ணி. பசில வந்துகீது, தீனி போடு.”

“சக்கரத்த ஓட வுடவா?”

“வெயில் நேரத்துல இன்னாத்துக்கு?”

“வெயிலே இல்லியேப்பா.”

அவ்வளவுதான். வெயிலே இல்லையே என்று அவள் சொன்னாள். எனக்குத் தெரிய வேண்டியது முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. நான் காதில் வாங்கவில்லை. சுவரில் எழுதியபடி செய் அண்ணி, கையில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மூன்று நாள் வெயில் இல்லாமல் பாசி செத்து, பச்சைத் தண்ணீர் டீத்தண்ணி மாதிரி மாறியிருந்ததாம். நல்ல செய்தி என்று அவள் நினைத்திருந்தால் ஒன்பது மணிக்கு எனக்கு எதற்குப் போன் செய்கிறாள்? குரல் கடல்காரியுடையது, பயம் குளத்தைப் பார்த்துப் பழகியவளுடையது. அவள் கண் சரியாகத்தான் பார்த்தது. அந்தக் கண்ணை நம்பாதே, என் பெயின்டை நம்பு என்று நான் சொல்லிவிட்டேன். அவள் தீனி போட்டாள். மூச்சுக்குத் தவிக்கிற மீன் எங்கே தின்னும்? போட்டதெல்லாம் ஊறி அடியில் இறங்கி, இருந்த கொஞ்சம் காற்றையும் குடித்தது.

மதியம் ஒரு மணிக்குப் பிறகு மறுபடி போன் வந்தது. பேசியது அண்ணி இல்லை. குளத்துப் பெண்களில் மூத்தவள், எனக்கு அத்தை முறை. சீக்கிரம் வா என்று மட்டும் சொன்னாள். பைக்கை எடுத்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல நிற்கவும் முடியாமல் நகரவும் முடியாமல் கிடந்தன. லாரிக்கும் லாரிக்கும் நடுவில் நுழைந்து நுழைந்து போனேன். எல்லா டிரைவரையும் திட்டினேன். அவர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? யாரையாவது திட்ட வேண்டியிருந்தது.

போய்ச் சேர்ந்தபோது சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. மீன் சாய ஆரம்பித்த பிறகுதான் போட்டார்களாம். குளம் முழுக்க வெள்ளையாக இருந்தது. பால்மீன் செத்தாலும் வெள்ளிபோல மினுங்கும், அது இன்னும் கொடுமை. ஓரத்தில் ஒன்றிரண்டு பக்கவாட்டில் படுத்துக்கொண்டு செவுளை அசைத்தன. அண்ணி இடுப்பளவு தண்ணீரில் நின்று அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து, தலையைத் திருப்பி, தண்ணீரில் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தாள், நடக்கப் பழக்குகிற மாதிரி. விட்டதும் அது மறுபடி சாய்ந்தது. கரையில் நின்ற பெண்களில் ஒருத்தி, எப்படி ஆச்சு, காலையில் நீதானே இருந்தாய் என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் இத்தனை வருஷமாக எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். அதற்குள் அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு அவர்களைப் பார்த்து, “நாந்தான் கண்ணு அசந்துட்டேன். மேகம்னு சக்கரம் ஓட வுட்ருக்கணும், வுடல” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்துக் குப்பத்துப் பெண்களும் குளம் எடுக்கப்போவதாகவும் அதற்கும் நானே சக்கரம் செய்யப்போவதாகவும் பேச்சிருந்தது. மெக்கானிக் பேர் கெட்டால் அவர்களும் பயந்து விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாளா? புருஷனுக்குத் தம்பி, நாலு பேர் நடுவில் அசிங்கப்பட வேண்டாம் என்று நினைத்தாளா? இல்லை, நானே சொல்கிறேனா பார்ப்போம் என்று விட்டுப் பார்த்தாளா? இந்தக் கடைசி ஊகத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. ஏனென்றால் நான் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு, மோட்டாரில் ஏதோ பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

குழு உடைந்தது. குளம் மறுபடி காலியாகக் கிடந்தது. அண்ணன் கரைக்கு வந்ததும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு பட்டனை அமுக்கத் தெரியாதவளுக்குக் குளம் ஒரு கேடா என்றான். அந்தத் தை மாதமும் விசைப்படகில்தான் போனான். பிறகு வீட்டில் குழம்பில் உப்பு கூடினாலும் குளத்தை இழுத்தான், குழாயை மூட மறந்தாலும் குளத்தை இழுத்தான். நான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பேசுவான். அண்ணி பதில் பேசமாட்டாள். வாயாடி என்று பேரெடுத்தவள். என் தட்டில் சோறு போடுவாள். அந்தச் சோற்றைத் தின்றேன். அவளோ மறுபடி சாம்பல் சேற்றில் இறால் தடவப் போனாள். தனியாகப் போனாள், மற்றவர்கள் இறங்குகிற நேரம் பார்த்து இறங்குவதில்லை. ஒருநாள் அவளைத் தனியாகப் பிடித்து, எல்லாரிடமும் சொல்லிவிடட்டுமா அண்ணி என்று கேட்டேன். அவள் பறியைக் கழுவிக்கொண்டிருந்தாள். “சொல்ற ஆளு கேட்டுகினு நிக்கமாட்டான் தம்பி” என்றாள். குரலில் கோபமே இல்லை. அதையும் கேட்டுவிட்டு நான் சும்மாதான் இருந்தேன்.

போன வருஷம் ஆடியில் காய்ச்சல் வந்து, காலில் இருந்த புண் பெரிதாகி, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்து செத்துப்போனாள். சாவு வீட்டில், பந்தலுக்கு வெளியே, நல்ல பொம்பளைதான், அந்தக் குளத்தைத்தான் அசந்து கெடுத்துவிட்டாள் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதும் பேசவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டேன், தண்ணீர் பாக்கெட் கொடுத்தேன், மாலை வாங்கப் போனேன். எல்லா வேலையும் ஓடி ஓடிச் செய்தேன்.

இந்த வருஷம் அந்த அத்தை தன் இரண்டு மருமகள்களோடு அதே குளத்தை எடுத்திருக்கிறாள். என்னைக் கூப்பிட்டு இரண்டு சக்கரம் போடச் சொன்னாள். மேகம் போட்டால் எத்தனை மணியானாலும் நிறுத்தக் கூடாது, அன்றைக்குத் தீனியே போடக் கூடாது, தண்ணீர் நிறம் மாறினால் உடனே பாதித் தண்ணீரை மாற்று என்று நான் சொல்லிக்கொண்டு வந்தேன். சுவரில் எதையும் எழுதவில்லை. அத்தை நடுவில் புகுந்து மருமகள்களிடம், “கேட்டுக்கங்கடி. அவளாட்டம் அசந்துட்டு அப்பறம் குந்திகினு அழாதீங்க” என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உதாரணத்துக்குச் சொன்னாள். ஓர் ஆளை உதாரணமாகவே ஆக்கிவிட்டார்கள். என் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, அவள் அசரவில்லை, தீனி போடச் சொன்னதும் சக்கரம் வேண்டாம் என்றதும் நான் என்று சொன்னேன். போனில் பேசியது முழுக்கச் சொன்னேன்.

அத்தை வெற்றிலையைத் துப்பினாள். “இத்த எனக்குச் சொல்லி இன்னா நைனா? இன்னும் அஞ்சு பேரு கீறாளுங்க. ஒவ்வொருத்தி வூட்டு வாசல்லயும் போய் நின்னு சொல்லு. சொல்லிட்டு வந்து மோட்டார மாட்டு” என்றாள்.

போனேன். ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒருத்தி ராயபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள், காது சரியாகக் கேட்காது, இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, தெருவே கேட்டது. ஒருத்தி, செத்துப்போன மீனுக்கு இப்போது என்ன பஞ்சாயத்து என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள். அந்த டீயைக் குடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மற்ற இருவரும் கேட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

கடைசியாகக் காசிமேட்டுக்குப் போனேன். அண்ணன் இப்போதும் அங்கேதான். படகு மறுநாள் கிளம்புவதாக இருந்தது, ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓரமாகக் கூப்பிட்டு, நின்றபடியே சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவோடுதான் போயிருந்தேன். அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.

“அவ உசுரோட இருக்கும்போது சொல்றதுக்கு இன்னாடா?” என்றான். “நான் அவள இன்னா இன்னா பேச்சு பேசிட்டேன்.”

ஐஸ் பெட்டிக்காரன் கூப்பிட்டான். அண்ணன் துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டு படகில் ஏறிப்போய், பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.